உகப்பு யாருடையது? – தினசர்யையும் மகிழ்ச்சியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காலையில் திருப்பல்லாண்டும் திருப்பாவையும் சேவித்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டால் மனம் நிம்மதியாக இருக்கிறது என்று அன்பர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அவர்களில் சிலர், ஓராண்டு சென்ற பின், “இப்போதெல்லாம் சேவித்தாலும் மனம் ஒன்றுவதில்லை; பயன் ஒன்றும் தெரியவில்லை; அதனால் விட்டுவிட்டேன்” என்றும் சொல்கிறார்கள். முதலில் சொன்னதில் குற்றம் காண ஏதுமில்லை என்றே தோன்றும். ஆயினும் பின்னர்ச் சொன்னது முதலில் சொன்னதிலேயே ஒளிந்திருந்தது என்பது அடியேனுடைய எண்ணம். நிம்மதிக்காகத் தொடங்கியது, நிம்மதி வராத நாளில் நின்றுபோவது இயல்புதானே?

மகிழ்ச்சியாக வாழ அன்றாடம் செய்ய வேண்டியவை இவையிவை என்று இன்று எங்கு திரும்பினாலும் அறிவுரைகள். விடியலில் எழுதல், நடைப்பயிற்சி, அளவான ஊண், வேளையோடு உறக்கம், பெற்ற நன்மைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுதல், சிறிது நேரம் கண்மூடி அமர்தல். இவற்றை இகழ வேண்டியதில்லை. உணவும் உழைப்பும் உறக்கமும் விழிப்பும் அளவுபட்டவனுக்கே யோகம் துக்கத்தைப் போக்குவதாகும் என்று கீதையின் ஆறாம் அத்யாயத்தில் கண்ணன் தானே அருளிச்செய்திருக்கிறான். நம் கேள்வி வேறு. இந்த வரிசையில் இன்னும் ஒன்றாகத் திருவாராதனத்தையும் பாசுர அநுஸந்தானத்தையும் சேர்த்துவிடலாமா? எம்பெருமானை நம் மனநிம்மதிக்கு ஒரு ஸாதனமாகக் கொள்வது அடியார்களான நம் ஸ்வரூபத்துக்குச் சேருமா? சேராதெனில், மகிழ்ச்சியே நமக்கு விலக்கப்பட்டதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை காண்போம். மகிழ்ச்சி விலக்கன்று. வாடிய முகமே பக்தியின் அடையாளம் என்று நம் பூர்வர்கள் ஒருநாளும் கொண்டதில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் முதல் ஸூத்ரத்திலேயே எம்பெருமானார், வாக்யகாரர் கூறிய ஏழு ஸாதனங்களை எடுத்துக் காட்டுகிறார். உணவுத் தூய்மையாகிய விவேகம், காமத்தில் ஒட்டாதிருக்கும் விமோகம், இடைவிடாது பயிலும் அப்யாஸம், பஞ்சமஹாயஜ்ஞங்களைச் சக்திக்கேற்ப நடத்தும் க்ரியை, வாய்மை, நேர்மை, தயை, ஈகை, பிறரை வருத்தாமை முதலான கல்யாணங்கள், இவற்றோடு அநவஸாதம், அநுத்தர்ஷம் என்று இரண்டு. இந்தக் கடைசி இரண்டும் மனநிலையைப் பற்றியவை. நாட்டாலும் காலத்தாலும் நேரும் குறைகளாலும், துயர் தந்தவற்றைத் திரும்பத் திரும்ப நினைப்பதாலும், மனம் கூம்பி ஒளி மங்குவது அவஸாதம். அது இல்லாமை அநவஸாதம். அதற்கு எதிர்க்கோடியில், மனம் களிப்பில் துள்ளி நிலைகொள்ளாதிருப்பதும் ஆகாது. அது இல்லாமை அநுத்தர்ஷம்.

இவை பக்தியோகத்தின் அங்கங்களாகச் சொல்லப்பட்டவை. ப்ரபந்நனுக்கு இவை உபாயமாகா என்று பெரியோர் உடனே திருத்துவர். திருத்தம் சரியே. ஆனால் உபாயமாகாதவை எல்லாம் வேண்டாதவை ஆகிவிடுவதில்லை. சோர்வைச் சோர்வென்று பெயரிட்டு, அதற்குக் காரணம் நாடும் காலமும் நினைவுமாக இருக்கக்கூடும் என்று அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு சொல்லியிருக்கிறார்கள். கோயில் இல்லாத ஊரில், பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், கூடச் சேவிக்க ஒருவருமின்றித் தனித்திருக்கும் பாகவதர் ஒருவர் தம் வாட்டத்தைத் தம் பக்திக் குறைவென்று எண்ணி இரட்டிப்பாக வாட வேண்டியதில்லை. தேசகாலங்களின் குறை என்று அதற்குப் பெயர் உண்டு.

இனி முதற்கேள்விக்கு வருவோம். சரணாகதி கத்யத்தில் உடையவர் கைங்கர்யத்தை வேண்டுகையில் ஒரு முறைமையை வைத்தருளுகிறார். முதலில் பகவதநுபவம், அதனால் பிறக்கும் எல்லையற்ற ப்ரீதி, அந்த ப்ரீதி செய்விக்கக் கைங்கர்யம். இந்த வரிசையைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். ஒரு செயலைச் செய்தால் அதன் கூலியாக மகிழ்ச்சி கிட்டும் என்பது உலகத்தார் கணக்கு. உடையவர் கணக்கில் ப்ரீதி முன்னே நிற்கிறது. செயல் அதன் பின்னே வருகிறது. குழந்தையின் முகம் பார்த்த தாய் தாலாட்டுப் பாடுகிறாள். பாடினால் தனக்கு மகிழ்ச்சி உண்டாகும் என்று கணக்கிட்டுப் பாடத் தொடங்குவதில்லை. உள்ளே நிரம்பியது வாய்வழி வழிகிறது, அவ்வளவே.

“அந்த ப்ரீதி எங்களுக்கு இன்னும் பிறக்கவில்லையே, நாங்கள் எங்கே தொடங்குவது?” என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்கு விடையாக அடியேனுக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பஞ்சவடி.

அகஸ்த்யர் காட்டிய வழியே பெருமாளும் பிராட்டியும் இளைய பெருமாளும் கோதாவரிக் கரையிலுள்ள பஞ்சவடிக்கு வந்து சேர்கிறார்கள். எங்கே குடில் அமைப்பது? நீர்நிலை அருகே இருக்க வேண்டும், காடு அழகாக இருக்க வேண்டும், வைதேஹியும் நீயும் நானும் மகிழ்ந்திருக்கத் தக்கதாக ஓரிடம் பார் என்று பெருமாள் தம்பியைப் பார்த்து அருளிச்செய்கிறார். உலகில் எந்தத் தமையன் எந்தத் தம்பியிடம் சொன்னாலும் இது அன்பு மொழி. மூவரில் ஒருவனாகத் தம்பியின் மகிழ்ச்சியையும் எண்ணிச் சொன்ன மொழி. இளைய பெருமாளோ இதைக் கேட்டு மகிழவில்லை. பிராட்டி முன்னிலையில் கைகூப்பி நின்று, நூறாண்டு சென்றாலும் நான் உமக்குப் பரதந்த்ரன். உமக்குப் பிடித்த இடத்தை நீரே தேர்ந்து, இங்கே கட்டு என்று எனக்குச் சொல்லும் என்று விண்ணப்பம் செய்கிறார்.

இதில் அவரை வருத்தியது எது? ‘உனக்கும் மகிழ்ச்சி தரும் இடம்’ என்று தம் மகிழ்ச்சியைத் தனியே பிரித்து, தம்மிடமே ஒப்படைத்ததுதான் என்று நம் பெரியோர் காட்டுவர். தம்மை ஸ்வதந்த்ரராக்கிக் கைவிட்டாரோ என்று நடுங்கினார் அவர். நாம் இன்று ‘உன் மகிழ்ச்சியை நீயே தேடிக்கொள்’ என்பதை விடுதலையாகக் கொண்டாடுகிறோம். அவருக்கு அது பிரிவாகப் பட்டது. இரண்டில் எது மெய்யான நிலை என்பதை வாசகர்கள் தங்கள் அநுபவத்தில் எண்ணிப் பார்க்கலாம். எந்நேரமும் தன் மகிழ்ச்சியைத் தானே காவல் காத்துக்கொண்டிருப்பவன் எவ்வளவு களைத்துப் போகிறான் என்பதையும்.

அதற்குப் பின் நடந்தது பலர் நினைவில் இருப்பதில்லை. பெருமாள் தம்பியின் கையைப் பற்றி அழைத்துச் சென்று தாமே இடம் காட்டுகிறார். இளைய பெருமாள் மண் எடுத்து, தூண் நாட்டி, மூங்கில் பரப்பி, வன்னிக் கிளைகளும் நாணலும் தர்ப்பையும் இலைகளும் வேய்ந்து குடில் அமைக்கிறார். கோதாவரியில் நீராடித் தாமரை பறித்து வந்து, செய்ய வேண்டிய சாந்திகளைச் செய்து, கட்டி முடித்த குடிலைக் காட்டுகிறார். பெருமாள் பிராட்டியோடு அதைக் கண்டு உகந்து, தம்பியை இறுகத் தழுவிக்கொள்கிறார். உனக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லாமையால் இந்தத் தழுவலைத் தந்தேன் என்கிறார். உன்னைப் பிள்ளையாகப் பெற்ற நம் தந்தை இன்னும் இறக்கவில்லை என்றும் சொல்கிறார். தம் மகிழ்ச்சிக்கு இடம் பார்க்க மறுத்தவருக்கு வந்து சேர்ந்தது இது. அவர் இதற்காகக் கட்டவில்லை. ஆனால் இது கிடைத்தபோது வேண்டாம் என்று விலகி நிற்கவும் இல்லை.

பூவையும் சந்தனத்தையும் நம் ஆசார்யர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பூ தனக்கென்று மணப்பதில்லை, சூடுபவனுக்கென்றே இருப்பது. ஆத்மாவும் அப்படியே எம்பெருமானுக்கென்று இருப்பது என்பது கருத்து. ஆனால் ஆத்மா பூவைப்போல அசேதனமன்று. பூவுக்குத் தன்னைச் சூடியவனின் முகமலர்ச்சி தெரியாது, நமக்குத் தெரியும். தைத்திரீயத்தில் முக்தன் முதலில் தன்னை உணவென்றும், அதன்பின் உண்பவனென்றும் பாடுகிறான். அவன் நம்மை அநுபவிக்கிறான். அதில் அவனுக்குப் பிறக்கும் உகப்பை நாம் அநுபவிக்கிறோம். ஆகவே நம் மகிழ்ச்சி இல்லாமல் போவதில்லை. அது அவன் முகம் வழியாகச் சுற்றி வருகிறது. த்வயத்தின் கடைசியில் உள்ள ‘நம:’ என்னும் சொல்லுக்கு முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர் காட்டியருளிய பொருளும் இதுவே. கைங்கர்யத்தில் ‘இது எனக்கு இனிக்கிறது, எனக்காகவே செய்கிறேன்’ என்று புகும் களையைப் பிடுங்குவதற்காகவே அங்கே அந்தச் சொல் வைக்கப்பட்டிருக்கிறது. திருப்பாவையின் 29ஆம் பாசுரத்தின் முடிவில் ஆண்டாள் மாற்றியருளச் சொல்லும் ஆசைகளிலும் இந்தக் களை அடக்கம் என்று வ்யாக்யானங்களால் அறிகிறோம்.

அதே திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் ஓர் அன்றாட ஒழுக்கப் பட்டியல். நெய்யும் பாலும் உண்ணாமை, விடியலில் நீராடல், மையும் பூவும் தவிர்த்தல், செய்யத்தகாதவை செய்யாமை, கோள் சொல்லாமை, தேவைப்பட்டவர்க்கு இயன்றவரை கொடுத்தல். பாதிக்கு மேல் விடுவனவே. அதிலும் ஆயர்பாடிப் பெண்கள் நெய்யையும் பாலையும் விடுவதென்றால் சாதாரணமா! மனத்துக்கு இன்பமானவற்றைச் சேர்த்துக்கொள் என்று சொல்லாமல் விடச் சொல்லும் இந்தப் பட்டியல், மகிழ்ந்து என்னும் பொருளுடைய சொல்லோடு முடிகிறது. முகம் சுளித்துக்கொண்டு நோற்பது அவர்கள் நோன்பன்று. விட்டதை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு நோன்பு சுமை. யாருக்காக விட்டோம் என்பதை எண்ணுகிறவர்களுக்கு அது சுமையாக இருப்பதில்லை.

இவ்வளவு தத்துவம் பேசினாலும், பழக்கம் என்பது வீட்டுக்குள்தான் நடக்கிறது, அதிலும் மடைப்பள்ளியில். நம் அகங்களில் சமையல் என்று சொல்வதில்லை; தளிகை என்கிறோம். ரஸம் சாற்றமுது ஆகிறது, கறி கறியமுது, பாயஸம் திருக்கண்ணமுது. இளையவர்களுக்கு இது வெறும் சாதிப்பேச்சாகவோ பழங்காலப் பேச்சாகவோ தோன்றலாம். அடியேனுக்கோ இதைவிட நுட்பமான தினசரிப் பயிற்சி வேறு தெரியவில்லை. அடுப்பில் கொதிப்பது நமக்காக அன்று என்பதை ஒவ்வொரு சொல்லும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு வழக்கம்: பெருமாள் அமுது செய்யும் முன் ருசி பார்ப்பதில்லை. உப்புச் சரியாக இருக்கிறதா என்று நாவில் இட்டுப் பார்க்க முடியாது; கையளவும் கண்ணளவும் மணமும்தான் துணை. ஒரு மணி நேரம் உணவோடே இருந்து, தன் நாக்கை மட்டும் நடுவில் நுழைய விடாமல் இருப்பது எளிதன்று. கவனமெல்லாம் உண்ணப் போகிறவனிடம் போய்விடுகிறது. அப்படிச் செய்த தளிகையில் உப்புக் குறைந்துபோகும் நாள்களும் உண்டு. அன்று அந்த அகத்தில் எல்லோரும், பெருமாளே உப்பில்லாமல் அமுது செய்தாரே என்று எண்ணிச் சிரித்துக்கொண்டு ப்ரஸாதம் கொள்வார்கள். தனக்காகச் சமைத்ததில் உப்புக் குறைந்தால் வரும் எரிச்சல் அங்கே வருவதில்லை.

நாளின் முதற்பேச்சும் இப்படித்தான். நித்யாநுஸந்தானம் திருப்பல்லாண்டில் தொடங்குகிறது. பாண்டியன் சபையில் பொற்கிழி அறுத்து, யானைமீது பவனி வந்த பெரியாழ்வார், கருடன்மேல் எழுந்தருளிய எம்பெருமானை நேரே கண்டபோது தமக்கென்று எதுவும் கேட்டிலர். இந்த அழகுக்கு என்ன வந்துவிடுமோ என்று அஞ்சி அவனுக்கே வாழ்த்துச் சொன்னார். மற்ற ஆழ்வார்களுக்கு மங்களாசாஸனம் எப்போதோ நிகழ்வது, இவருக்கோ அதுவே நித்யம் என்று ஸ்ரீவசநபூஷணம் வேறுபடுத்திக் காட்டுகிறது. விழித்தவுடன் கைபேசியில் நமக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கும், விழித்தவுடன் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டியதில்லை. (காரில் போகும்போது ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்கிறோமே, அது போதாதா என்பார்கள். கேட்பதை அடியேன் குறை கூறேன். ஆனால் நம் வாய் சொல்வது வேறு.)

மகிழ்ச்சியைக் கெடுப்பவற்றில் பெரியது மனிதர்களோடு நேரும் பிணக்கு. இதற்கு ஸ்ரீவசநபூஷணத்தில் ஓர் இடம் உண்டு. நமக்குக் குற்றம் செய்தவர்களிடம் நமக்கு இருக்க வேண்டியவை என்று ஐந்தைப் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்கிறார்: பொறுமை, க்ருபை, சிரிப்பு, உகப்பு, செய்த உபகாரத்தை நினைத்தல். பொறுமையும் க்ருபையும் எல்லா நூல்களும் சொல்பவை. சிரிப்பு? மணவாள மாமுனிகள் இதை விரித்தருளுகிறார். நாம் எவற்றை நம்முடையவை அல்ல என்று விட்டிருக்க வேண்டுமோ அவற்றை அல்லவா இவர்கள் கெடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள் என்று சிரிப்பு. விட வேண்டியவற்றை நமக்காக விலக்கித் தந்தார்கள் என்று உகப்பு. நம் குறைகளை நமக்கு நினைவூட்டினார்களே என்று நன்றி. நன்றியை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறவர்கள் இந்த எல்லைவரை வருவார்களா என்பது ஐயமே. நல்லது செய்தவர்க்கு நன்றி எழுதுவது எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. பிறரிடம் எதிர்பார்க்க வேண்டியதன்று. அடிபட்டு நிற்கும் ஒருவரிடம் போய், அடித்தவனுக்கு நன்றி சொல் என்று இந்த ஸூத்ரத்தைக் காட்டுவது கொடுமை. பிறர்க்கு இழைக்கப்படும் தீங்கைத் தடுக்காமலிருப்பதற்கும் இதில் இடமில்லை.

நிம்மதி வேண்டிச் சேவிக்க வருகிறவர்களைத் தடுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. துன்புற்றவனும் பொருள் வேண்டுபவனும் தன்னிடம் வருவதைக் கண்ணன் கீதையின் ஏழாம் அத்யாயத்தில் இகழவில்லை; அவர்களையும் உதாரர்கள் என்றே கொண்டாடுகிறான். என்னிடம் எதையேனும் வாங்கிக்கொள்பவர்கள் எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் ஆகிறார்கள் என்று அவன் திருவுள்ளத்தை எம்பெருமானார் பாஷ்யத்தில் வெளியிட்டருளுகிறார். கொள்பவன் கொடுப்பவனாகும் இந்த அதிசயத்தை நினைத்தால், நிம்மதி தேடி வாசலுக்கு வந்தவரை நாம் யார் அளப்பதற்கு? வந்தவர் நிம்மதி கிட்டாத நாளிலும் திரும்பிப் போகாமலிருக்க வேண்டும் என்பது ஒன்றே நம் கவலை.

திரும்பிப் போகாமலிருக்க உதவுவதுதான் பழக்கம். மனம் வறண்ட நாளிலும் நீராடுகிறோம், பன்னிரு திருநாமங்களைச் சொல்லித் திருமண் காப்புச் சாற்றிக்கொள்கிறோம், கோயிலாழ்வாரின் கதவைத் திறக்கிறோம். உள்ளே ஒன்றும் பொங்கவில்லை என்பதற்காக அவனுடைய நீராட்டமும் அமுதும் நிற்க வேண்டுமா? ப்ரீதி இல்லாத நாளில் செய்வது போலி ஆகாதா என்று கேட்பவர்களுக்கு அடியேன் சொல்வது: காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் அப்போது உவகையில் மிதக்கிறாளா? தூக்கமும் அலுப்புமே அவளுக்கு அப்போது தெரிபவை. அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. எறும்பியப்பா தம் ஆசார்யரான மாமுனிகளின் அன்றாட நியமத்தையே பூர்வதினசர்யை, உத்தரதினசர்யை என்று ஸ்தோத்ரமாகப் பாடிவைத்தார். அற்புதங்களை அன்று, எழுதல், நீராடல், ஆராதனம், காலக்ஷேபம் என்று நாள்தோறும் திரும்ப வருபவற்றை. அவற்றிலேயே சிஷ்யருக்குப் பாட விஷயம் இருந்தது.

எந்தப் பழக்கத்தாலும் நீங்காத இருள் சிலருக்கு உண்டு. மாதக்கணக்கில் உறக்கமும் பசியும் போய், வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் நிலை. அது நோய். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். போவது நம் விச்வாஸத்துக்குக் குறைவன்று. வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைக் குலசேகராழ்வார் வித்துவக்கோட்டம்மானிடம் தமக்குள்ள பற்றுக்கு உவமையாக்கினார். மருத்துவன்மீது நம்பிக்கை கொள்வது இழிவென்றால் ஆழ்வார் அதை இவ்விடத்தில் வைத்திருப்பாரா? இன்னும் கொஞ்சம் சேவித்தால் சரியாகிவிடும் என்று அப்படிப்பட்டவரிடம் சொல்வது அன்பால்தான். ஆயினும் அவர் தோளில் இன்னொரு சுமை அது. அவர் தேறும்வரை அவர் அகத்துத் திருவாராதனத்தை நாம் சென்று செய்யலாம்.

முதுமையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது. நீராடப் பிறர் உதவி வேண்டும். எழுந்து அமர முடியாது. பாசுரங்கள் பாதியில் மறக்கும். ஆயினும் நம் அகங்களில் அப்படிப்பட்ட முதியவர்களைப் பார்த்திருக்கிறோம். ஐம்பது அறுபது ஆண்டுகள் தாம் செய்த திருவாராதனத்தை இப்போது மகனோ பேத்தியோ அடுத்த அறையில் செய்ய, படுக்கையில் கிடந்தபடி மணியோசைக்குச் செவி கொடுத்திருப்பார்கள். கஞ்சிக் கிண்ணத்தை அருகில் கொண்டுவந்தால், பெருமாள் அமுது செய்தாயிற்றா என்று கேட்பார்கள். ஆயிற்று என்று பதில் வந்த பிறகே வாயைத் திறப்பார்கள்.